ஷிஜிக்கு எழுதவா தெரியும்?

ஷிஜிக்கு எழுதத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல வரவில்லை, வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு எழுதத் தெரியாது என்பதும் உண்மைதானே?

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்து பி.ஏ. தமிழ் படித்தோம். நான் எம்.ஏ. வரை போனேன். கட்டுரைப் போட்டி எங்கே நடந்தாலும் பரிசு எனக்குத்தான். ஷிஜிக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று இன்றைக்கும் தெரியாது. அவள் அப்பா ததேயுஸ் மீன் வியாபாரி. கூவி விற்கிற குடும்பம், வாய்க்குப் பஞ்சமில்லை. படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். கணவன் டிஜோ கத்தாருக்குப் போனதும் வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். இப்போது எங்கள் ஊர் புதுக்கடையில் அவளை 'எழுத்துக்காரி' என்கிறார்கள். எனக்குப் பெயர் 'பைப்புக்கடை முருகதாசுக்க பெண்டாட்டி'.

அவள் ஆரம்பித்த விதத்தைக் கேளுங்கள். பக்கத்து ஊர் கருங்கலில் ஒரு துணிக்கடையின் நோட்டீசை யாரோ அவள் கையில் திணித்தார்கள். படித்துவிட்டு நேரே கல்லாவுக்குப் போய், "அண்ணா, இத வாசிச்சா எனக்கே துணி எடுக்கத் தோணல்ல. நான் எழுதித் தரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். வெட்கமே இல்லை! அதே நோட்டீசை நானும் வாங்கினேன். அதிலிருந்த பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வீட்டில் வைத்துக்கொண்டேன். எனக்கு யார் வேலை தருவார்கள்?

துணிக்கடைக்காரர் தன் மச்சானின் கல்யாண மண்டபத்தைக் காட்டிவிட்டார். மண்டபக்காரர் ஓர் ஆஸ்பத்திரியைக் காட்டிவிட்டார். அங்கிருந்து சென்னைக் கம்பெனிகள். அவளிடம் திறமை எங்கே இருக்கிறது என்று நானும் துருவித் துருவிப் பார்த்திருக்கிறேன். யார் வாசிக்கப் போகிறார்கள், எவ்வளவு நீளம், என்றைக்கு வேண்டும் என்று கேட்காமல் பேனாவைத் தொட மாட்டாள். பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுவாள். சொன்ன நாளுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்பாள். திருத்தச் சொன்னால் திருத்திக் கொடுப்பாள். என் வரியில் யாராவது கைவைத்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அவளுக்கு ஓர் ஏப்பம்கூட வராது. இதெல்லாம் ஒரு திறமையா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அவ்வளவுதான்.

போன ஆடியில் அவள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சென்னையில் ஒரு பயண இதழ், வாராவாரம் குமரி மாவட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆள் தேடுகிறது. எழுதுபவரின் பெயரும் படமும் போடுவார்கள். கருங்கல் சந்தையைப் பற்றி ஒரு மாதிரிக் கட்டுரை அனுப்ப வேண்டும். கூடவே ஷிஜியின் குரல்: "ஏட்டி சபிதா, நானும் அனுப்புதேன், நீயும் அனுப்பு."

அவள் மறைத்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இந்தத் தாராளம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு அந்தப் பக்கம் கிடைத்தே ஆக வேண்டும். முருகதாஸ் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்: "நீயும் எழுதி எழுதி வச்சிருக்க. ஒண்ணும் நடக்கல்லியே? பேசாம கடைக்கு வந்து கல்லாவுல இரி. எனக்கும் ஒரு ஒத்தாசையா இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. ஒரு தடவை போய் உட்கார்ந்தால் பிறகு ஆயுசு முழுக்க எல்போவும் வாஷரும்தான்.

உட்கார்ந்து எழுதினேன். 'சீர்மிகு குமரி மண்ணின் எழில்கொஞ்சும் மேற்குப் பகுதியில்' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். 'இயற்கை அன்னையின் மடியில்' என்று ஆரம்பித்தேன். அதையும் அடித்துவிட்டு சீர்மிகுவுக்கே திரும்பினேன். சந்தை இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது.

அப்போது ஷிஜி தன் கட்டுரையை அனுப்பினாள். "மக்கா, நம்ம தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாது கேட்டியா. ஒருக்கா பாத்துத் தா." எதையும் யாரிடமாவது காட்டாமல் அனுப்ப மாட்டாள், அது அவள் வழக்கம்.

வாசித்தேன். 'மரச்சீனிக் கிழங்கு வாங்கிவிட்டு பக்கத்துக் கடையில் கேட்டால் ஒரு கிளாஸ் வெள்ளம் தருவார்கள்' என்று எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். சென்னைக்காரர்கள் வாசித்தால், கிளாசுக்குள் எப்படி ஊரையே மூழ்கடிக்கிற வெள்ளம் வரும் என்று விழிக்க மாட்டார்களா? எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியே விட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் பாழாய்ப்போன தமிழ் விடவில்லை. 'தண்ணீர்' என்று மாற்றினேன். ஒற்றுகளைப் போட்டேன். அப்புறம் ஒரு வெறி வந்துவிட்டது. எழுத்து என்றால் என்னவென்று இவள் பார்க்கட்டும் என்று முதல் வரியையே தூக்கிவிட்டு என் கோபத்துக்கு எழுதினேன்: 'கருங்கல் சந்தையில் விலை கேட்கிறவர்கள் எல்லாம் வாங்க வந்தவர்கள் இல்லை, சிலர் சண்டை போடவே பஸ் ஏறி வருகிறார்கள்.' தொடர்ந்து கை ஓடியது. முடித்தபோது அவளுடையது என்று அதில் கிழங்கு மட்டும்தான் மிச்சம்.

இரண்டும் போயின. ஆவணி பிறந்ததும் இதழின் பெண் ஆசிரியரே போனில் கூப்பிட்டார்.

"உங்க கட்டுரையில தகவல் எல்லாம் சரியா இருக்கு சபிதா. ஆனா நடை கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. உங்க ஊர்லேருந்தே ஷிஜின்னு ஒருத்தங்க அனுப்பியிருக்காங்க. ஒரு வரி வாசிக்கிறேன், கேளுங்க. அந்த மாதிரி எழுதப் பழகுங்க."

வாசித்தார். விலை கேட்கிறவர்கள் எல்லாம் வாங்க வந்தவர்கள் இல்லை.

அது நான் எழுதியது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. தோற்றவள் சொன்னால் யார் நம்புவார்கள்? "நன்றி மேடம்" என்று வைத்துவிட்டேன். என் வரியைப் பார்த்து எழுதப் பழக வேண்டுமாம் நான்! அடுக்களையில் நின்று அழுதேன். முருகதாஸ் வந்து பார்த்துவிட்டு, "கடைக்கு வாறதுக்குத் திங்கக்கிழமை நல்ல நாளுதான்" என்றார்.

அன்று சாயங்காலமே ஷிஜி ஸ்கூட்டரில் வந்தாள். கையில் சாளை மீன் பொதி, முகத்தில் இளிப்பு. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, அந்த அம்மா எனக்க கட்டுரைய ஒரே புகழ்ச்சி. நான் சொல்லிட்டேன், அதுல எனக்க சோலி பாதிதான், மிச்சம் எனக்க கூட்டுக்காரி சபிதா எழுதினதுன்னு."

திருடியாகவாவது இருந்து தொலைந்திருக்கக் கூடாதா இவள்?

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "ஒனக்க கட்டுரைய ஏன் மக்கா இது மாதிரி எழுதல்ல?"

என்ன சொல்வேன்? எனக்காக எழுதும்போது பயமாக இருந்தது, உனக்காக எழுதும்போது வயிறு எரிந்தது என்றா? "மீன உள்ள வை, பூனை வரும்" என்றேன்.

"கேளு. ரெண்டு பேருமா சேந்து எழுதட்டான்னு கேட்டேன். சரின்னு சொல்லிட்டாவ. வாராவாரம்! சந்தைக்குப் போயி ஆளப் பாத்துப் பேசுகது நான், எழுதுகது நீ. பேரு எப்பிடிப் போடணும்னு கேட்டாவ. ஒனக்க பேர மொதல்ல போடச் சொல்லட்டா?"

என் மனசு குலவை போட்டது. சபிதா, ஷிஜி. பார்க்கவே எவ்வளவு லட்சணம்! ஆனால் எங்கள் வீடுகளில் சாயா குடிக்கிறியா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். கேட்டவர்களே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பிறகுதான் குடிப்போம். அந்த வளர்ப்பு வாயில் வந்து நின்றது.

"எனக்கெதுக்குடி மொதல்ல? ஒனக்க பேரையே போடு" என்றேன். இழுத்து உட்காரவைப்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி மக்கா" என்றாள் ஷிஜி. என் முன்னாலேயே போனை வாயருகே வைத்து, "மேடம், எனக்க பேரு மொதல்ல இருக்கட்டும், அவளுக்கு அதுதான் இஷ்டம்" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டு, சாளைக்குக் குடம்புளி இருக்கிறதா என்று கேட்டாள்.

புரட்டாசியில் முதல் கட்டுரை வந்தது. முருகதாஸ் அதைப் பெரிதாக அச்செடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். பைப்பு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் விரல் வைத்துக் காட்டுகிறார்.

"மேல இருக்கது இல்ல அண்ணே, அதுக்குக் கீழ, கொஞ்சம் குனிஞ்சு பாரும். அதுதான் எனக்க வீட்டுக்காரி."