வாகை மரத்தின் தெற்குப் பக்கம்

வேலை உத்தரவில் 'ஆலயப் பணியாளர்' என்று இருக்கிறது. அப்படி அவரைக் கூப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. மணி அடிப்பதால் மணிக்காரர். உண்மையில் மணி அடிப்பது அவர் வேலையில் நூற்றில் ஒரு பங்குதான். பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவது, கரகரக்கும் ஒலிபெருக்கியின் மண்டையில் ஒரு தட்டு தட்டுவது, கல்யாணத்துக்கு நாற்காலி போடுவது, அடக்க ஆராதனைக்கு அதே நாற்காலிகளை வேறு மாதிரி போடுவது எல்லாம் அவர்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கிறிஸ்தவச் சபையில் நடந்த கூட்டங்களுக்கு அளவே இல்லை. எல்லாக் கூட்டத்திலும் மணிக்காரர் தண்ணீர்க் கூஜாவோடு இருந்திருக்கிறார். ஒன்றிலும் வாய் திறந்ததில்லை.

அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு வீட்டில் ஒரு ஆள் உண்டு. ஆலய வளாகத்தின் பின்பக்கம், சபை கொடுத்த இரண்டறை வீட்டில், ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். பாடகர் குழுவின் அங்கிகள் முழுக்க அந்த அம்மாள் தைத்தவை. நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கடையில் வாங்கியவை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்த ஜன்னலுக்கு எதிரே நிற்பதுதான் வாகை மரம். ஆலயத்தின் கூரையில் பாதிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நின்ற மரம். இரண்டு மூன்று வருஷமாக அதன் தெற்குப் பக்கம் காய்ந்து வந்தது. பட்டை உரிந்து, கிளைகள் மொட்டையாகி, ஒரு பக்கம் பக்கவாதம் வந்த மனுஷனைப்போல நின்றது.

மரத்துக்கு என்ன கேடு என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மணிக்காரர். இன்னொருவர் அந்தத் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தார்.

கதை பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது. அதுவரைக்கும் திருவிருந்தில், கர்த்தரின் இரத்தமாக எண்ணி, எல்லாரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடித்தார்கள். ஆராதனை முடிந்ததும் மணிக்காரர் அதைக் கழுவுவார். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, பரிசுத்தமானது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. அவர் வாகையின் தூரில் ஊற்றுவார். மரம் செழிப்பாக வளர்ந்தது. பிறகு ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. எச்சில் பாத்திரம் வேண்டாம் என்று முடிவாகி, விரல் நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று, ஞாயிறு தவறாமல் இருநூற்றைம்பது. குடித்துவிட்டு வாசலில் இருக்கும் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். காய்ச்சல் போய்விட்டது. கிண்ணம் போகவில்லை.

அன்றிருந்த போதகர் மணிக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ரசம் பட்டது, கண்ட இடத்துல போட்டுடாதீங்க. நாயும் காக்காயும் இழுக்கக் கூடாது." அப்படியென்றால் எங்கே போடுவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் சிவப்பாக ஒரு சொட்டு நின்றது. அந்தச் சொட்டைக் குப்பை வண்டியில் ஏற்ற மணிக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் ஊற்றிய அதே தூரில், தெற்குப் பக்கமாக, ஒரு குழி வெட்டினார். கிண்ணங்களைக் கொட்டினார். தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு சின்ன ஜெபம் செய்தார். கொளுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இப்படிப் பதினோரு வருஷம். பக்தியில் எந்தக் குறையும் இல்லை. மரம்தான் பாவம்.

போன வருஷம் சபையில் பசுமைக் குழு அமைத்தார்கள். தேவன் படைத்ததைப் பேணுவதும் ஆராதனைதான் என்று புதிய போதகர் பிரசங்கம் செய்ய, அறிவியல் டீச்சர் ஒருவர் தலைவியானார். பணி ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் மூளையானார். பிளாஸ்டிக் பை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, பிளாஸ்டிக் பூ கூடாது, பேனர் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். திருவிருந்துக் கிண்ணம் அந்தப் பட்டியலில் இல்லை. பரிசுத்த மேசையின் மேலிருக்கும் பொருளும் பிளாஸ்டிக்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வளாகத்தில் வைக்க ஒரு பலகை எழுதச் சொன்னார்கள். மணிக்காரருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'இந்த வளாகத்தில் குப்பை எரிப்பதில்லை' என்று பச்சை வர்ணத்தில் எழுதி, வாகை மரத்தருகே அவரே நட்டார். அடுத்த ஞாயிறு மதியம் பலகைக்குப் பின்னால் போய்க் கிண்ணங்களைக் கொளுத்தினார்.

"ஏங்க, எழுதின கை எது, கொளுத்துற கை எது?" என்று மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"குப்பைன்னுதானே எழுதியிருக்கு. இது குப்பையா?"

"அத அந்த மரத்துக்கிட்ட சொல்லுங்க. அதுக்குப் படிக்கத் தெரியுமான்னு பாப்போம்."

அடுத்த வாரம் மணிக்காரர் குழியை இரண்டடி தள்ளி வெட்டினார். தள்ளி வெட்டுகிறவனுக்குக் காரணம் தெரியும். அந்த இரண்டடிதான் பிற்பாடு அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

பிரச்சினை வெடித்தது கூரையில் சூரிய மின்தகடு பொருத்தலாம் என்று இன்ஜினியர் கொண்டுவந்த யோசனையில். நல்ல யோசனைதான். மரத்தின் நிழல்தான் குறுக்கே நின்றது. டீச்சருக்கு மரத்தை வெட்ட மனமில்லை. இரண்டு மாதம் இழுத்தார். கடைசியில் தெற்குப் பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, மரத்துக்கு வேர் நோய், எப்படியும் போகப்போகிறது, காய்ந்த கிளை பிள்ளைகள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். பதிலுக்குப் பத்துக் கன்று நடுவது, செவ்வாய்க்கிழமை மரம் வெட்டுகிறவர்களை வரச் சொல்வது என்று பேசி முடித்தார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் கையைத் தூக்கினால் போதும்.

சனிக்கிழமை மாலை மெஷின் ஓடவே இல்லை. மனைவி சும்மா உட்கார்ந்திருந்தார். அது அந்த வீட்டில் நல்ல சகுனம் அல்ல.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. அது நம்ம வீட்டு ஜன்னல்லயே நடக்குது" என்றார்.

"சொன்னா வேலை போகும். வேலை போனா வீடும் போகும். இந்த வயசுல எங்க போறது?"

"போனா போகுது, மெஷின் இருக்கு. அத எங்க போட்டாலும் ஓடும்." பிறகு குரலை இறக்கி, "மரத்தைத் தூக்கிட்டுப் போக முடியாதுங்க" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் மணிக்காரர் வழக்கம்போல நாற்காலி போட்டார், கூஜாவை நிரப்பினார். இன்ஜினியர் விளக்கினார். டீச்சர் நோய் பற்றிச் சொன்னார். "சம்மதிக்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்றார் போதகர். கைகள் எழும்பத் தொடங்கின.

"ஐயா, ஒரு நிமிஷம்."

ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மணிக்காரர் கூஜாவைக் கீழே வைக்க மறந்துவிட்டார். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மரத்துக்கு நோய் இல்லீங்க. அது என்னாலதான் காஞ்சுது. திருவிருந்துக் கிண்ணத்தையெல்லாம் அந்தத் தூர்லதான் எரிச்சேன். வாராவாரம், பதினோரு வருஷமா."

இன்ஜினியர்தான் முதலில் எழுந்தார். "பிளாஸ்டிக்கையா? பதினோரு வருஷமா? எரிக்கக் கூடாதுன்னு போர்டு எழுதினதே நீங்கதானேய்யா!"

"நான்தாங்க. குப்பையை எரிக்கக் கூடாதுன்னு எழுதினேன். இதைக் குப்பைன்னு நினைக்க எனக்கு மனசு வரலீங்க. கர்த்தரோட ரசம் பட்டது." யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். "அதுகூடப் பரவாயில்லீங்க. கிளை காயும்போதே எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் குழியைத் தள்ளி வெட்டினேனே தவிர, நிறுத்தல. அதுதான் என் பாவம். என்ன வேணா செய்யுங்க. மரத்தை விட்ருங்க."

மணிக்காரர் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பிடித்திருப்பதுபோலவே சேர்ந்திருந்தன. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அதை வாசல் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இவர் மேல நடவடிக்கை எடுக்கணும்" என்றார் இன்ஜினியர்.

"எடுக்கலாம்" என்றார் போதகர். "குடிச்சவங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும். முதல் ஆள் நான். தட்டுல வச்சிட்டுப் போனேனே, அது எங்க போகுதுன்னு ஒருநாளும் கேக்கல." பிறகு மரம் வெட்டுகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். "முதல்ல அந்தக் குழியைத் தோண்டிப் பாப்போம். நீங்க தண்ணி குடிங்கய்யா. கூஜா உங்க கையிலதான் இருக்கு."

மணிக்காரர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார். அவருக்காக ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை தோண்ட வருவதாக நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வந்தது எட்டு. அதில் இன்ஜினியரும் ஒருவர், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு. மண் முக்கால் அடிக்குக் கறுத்துப்போயிருந்தது. வேர்கள் கரிக்கட்டையாக இருந்தன. அதைப் பார்த்ததும் மணிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் மண்வெட்டி டங்கென்று மோதியது. கல் என்று நினைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து புரட்டி வெளியே எடுத்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் மண்ணில் மறைத்திருந்தார்கள். உருகி ஓடி, கெட்டிப்பட்டு, மேலும் மேலும் உருகி, பூசணி அளவுக்கு ஒரே கறுப்புக் கட்டி. அதன் மேல் அங்கங்கே முழுதாக உருகாத கிண்ண விளிம்புகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். டீச்சர் குனிந்து ஒரு விளிம்பைத் தொட்டார்.

இன்ஜினியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குப்பை வண்டி வரும் தெருவைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். ரசம் பட்டது என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது. கடைசியில் மணிக்காரரிடமே திரும்பினார். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை.

"இதை எங்கங்க கொண்டு போடுறது?"

"பதினோரு வருஷமா நானும் அதைத்தாங்க ஐயா யோசிச்சேன்" என்றார் மணிக்காரர்.

இன்றைக்கும் அதற்கு விடை கிடைக்கவில்லை. சூரியத் தகடு ஞாயிறு பள்ளிக் கூரைக்குப் போயிற்று. திருவிருந்துக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்துவிட்டன. குடித்தவர்கள் வரிசையில் நின்று தாங்களே கழுவி வைக்கிறார்கள், கழுவிய தண்ணீர் வாகைக்குப் போகிறது. தெற்குப் பக்கம் காய்ந்தது காய்ந்ததுதான். வடக்குப் பக்கம் நிழல் தருகிறது. அந்தக் கட்டி ஆலயத்தின் பின்னறையில், பழைய வெள்ளிப் பாத்திரத்துக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மணிக்காரர் வெள்ளியைத் துடைத்த பிறகு அதையும் துடைத்து வைக்கிறார்.