கதவில் தெரிந்த மலை

விஜிதரன் அண்ணன் எதிர்மலையை நேராகப் பார்ப்பதேயில்லை. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்குச் சற்று முன்னால், வீதியோரத்தில் இருக்கும் அவருடைய தகரக் கொட்டகையின் வாசலை அடைத்துக்கொண்டு அந்த மலை நிற்கிறது. ஆற்றுக்கு அப்பால் சரிவு முழுவதும் தேயிலை, நிரை நிரையாக. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காரின் கதவில் அது எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். மணிக்கணக்காகக்கூடப் பார்ப்பார்.

அவர் டிங்கர் பாஸ். அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி, இழுத்து, புட்டி பூசித் தேய்த்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது தொழில். தேய்த்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கதவின்மேல் ஊற்றுவார். ஈரம் காயும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கதவு கண்ணாடியாகி, எதிர்மலையின் நிரைகள் அதில் வந்து படுத்துக்கொள்ளும். தகரம் சரியாக இருந்தால் நிரைகள் தடங்கலில்லாமல் வளைந்து போகும். ஓரிடத்தில் மேடு இருந்தால் நிரை அங்கே தடுக்கி விழும். "கொழும்புல டியூப் லைட்ட வச்சுப் பாத்தோம். இங்க ஆண்டவன் மலைய வச்சிருக்கான்" என்பார்.

முப்பத்தெட்டு வயது. எங்கள் தோட்டத்தின் மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டு, கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு கராஜில் ஆறு வருடம் இருந்தவர். அங்கே படுக்க இடமில்லாமல், திருத்த வந்த கார்களுக்குள்ளேயே தூங்கியிருக்கிறார். அந்த நாட்களில் வந்த கனவொன்றைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மூலையே இல்லாத ஒரு கார். கதவு எங்கே தொடங்குகிறது, கூரை எங்கே முடிகிறது என்று தெரியாது. கொழுந்து இலையில் நிற்கும் தண்ணீர்த் துளியைப் போல வீதியில் சத்தமில்லாமல் உருண்டு வரும். அவர் கையைத் தூக்கினால் நிற்கும். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

"அப்புறம்?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, தடவிப் பாப்பேன். முழிச்சுக்குவேன்" என்பார்.

அவருடைய மச்சினன் திலக்ஷனுக்கு வேறு கனவு. இருபத்தாறு வயது, அதே கொட்டகையில் பெயின்ட் அடிப்பவன். வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு, நுவரெலியாவுக்குப் போகும் புதுக் கார்கள் எங்கள் வீதியில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒடுங்கிய விளக்குகள், அகல விரிந்த முன்வாய், பக்கவாட்டில் கத்தியால் கீறியதுபோலக் கோடுகள். ஒன்று வந்தால் போதும், திலக்ஷன் ஸ்ப்ரே கன்னை வைத்துவிட்டு வீதிக்கு ஓடுவான்.

"பாருங்க மச்சான், நிக்கிறப்பவே பாயிற மாதிரி இருக்கு!"

"கண்ணச் சுருக்கிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு... யாரு மேலடா அதுக்கு இவ்வளவு கோவம்?"

"முன்னால போற பஸ்காரன் மேல."

"ஒரு மொகம்னா பாத்ததும் பேசணும்னு தோணணும்."

"ஒங்களுக்குக் காருன்னா பேக்கரி பணிஸ் மாதிரி உருண்டையா இருக்கணும். சாயத் தண்ணியில தொட்டுத் திங்கிறதுக்கு."

மாலையில் வேலை முடிந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே போனால் என்னை நடுவராக்குவார்கள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராதனையில் நான் படித்தது புவியியல் என்றாலும், "பட்டதாரி சொல்லட்டும்" என்று இரண்டு பேரும் நிற்பார்கள். நான் எந்தப் பக்கம் பேசினாலும் மற்றவர் என் படிப்பை இழுப்பார். சோறு கொண்டுவரும் வினோதா அக்கா, அண்ணனின் மனைவி, திலக்ஷனின் அக்கா, ஒருநாள் சொன்னார்: "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவரு இவ்வளவு பேசல தம்பி."

இந்த வருடம் கார்த்திகை மாதத்தில் அந்தப் பேச்சில் விளையாட்டுக் குறைந்தது. நுவரெலியாவில் ஒரு பெரிய பட்டறையில் திலக்ஷனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே புதுக் கார்கள் மட்டும்தான். முதலாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஒங்கள விட்டுட்டுப் போக ஆசையில்ல மச்சான். ஆனா இங்க வர்றதெல்லாம் பழைய வண்டி. புதுசு வந்தா நீங்க வேணாங்கிறீங்க. அந்தக் கோடெல்லாம் ஒங்களுக்கு வராதுன்னு ஊருக்குள்ள பேசுறாங்க."

அண்ணன் சுத்தியலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு புது வண்டி எடுங்க. கதவு சரியா வந்துச்சுன்னா நான் எங்கயும் போகல."

"வந்தா பாப்போம்" என்றார் அண்ணன். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். எட்டு வருடமாக அவர் தட்டிய ஒவ்வொரு கதவுக்கும் திலக்ஷன்தான் நிறம் கொடுத்திருக்கிறான். வேறொருவன் அடித்த பெயின்டில் அந்த நிரைகளைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

நான்கு நாளில் வண்டி வந்தது. சிவகௌரி டீச்சருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணிதம் படிப்பிப்பவர், நாற்பதைத் தாண்டியவர். கருநீலத்தில் புத்தம் புதுக் கார். பூண்டுலோயா வளைவொன்றில் மரக்கறி லொறி உரசி, இடப்பக்கப் பின்கதவு உள்ளே போயிருந்தது. கதவின் நடுவே முன்னிருந்து பின்னோக்கி மெல்ல ஏறிய கூர்கோடு பாதியில் செத்துக் கிடந்தது.

"தம்பி, நான் இந்தக் காரை வாங்கினதே இந்தக் கோட்டுக்காகத்தான்" என்றார் டீச்சர். "கரும்பலகையில ஒரு கோட்டை ஒரே இழுப்பில நேராக் கீறினா எனக்கு ஒரு சந்தோசம் வரும். காலமை எழும்பி இதைப் பாத்தாலும் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமைக்கு வேணும். ஏலுமோ?"

திலக்ஷன் அண்ணனைப் பார்த்தான். "செய்றோம் டீச்சர்" என்றார் அண்ணன்.

கதவைக் கழற்றி உள்ளிருந்து தட்டிய இரண்டு நாளும், கோட்டுக்குக் கீழே தகரம் உப்பி இறங்கும் அந்த வயிற்றுப் பகுதியில் அவர் கை தானாகப் போய்வந்தது. அது அவருக்குத் தெரிந்த வேலை. கோடுதான் கையில் நிற்கவில்லை. புட்டி வைத்துத் தேய்ப்பார். விளிம்பு கொஞ்சம் மழுங்கும். மறுபடி வைப்பார். கூரான எதையும் தடவித் தடவி வழவழப்பாக்கிப் பழகிய கை அது.

செவ்வாய்க்கிழமை பனி இறங்கியது. புதனன்று வீதிகூடத் தெரியவில்லை. எதிர்மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமை. அதற்குள்ளிருந்து சரக், சரக் என்று மெல்லிய சத்தம் மட்டும் நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தது. ஏதோ பெரிய பிராணி புல் மேய்வதுபோல. அண்ணன் கையிலிருந்த தேய்தாளை நிறுத்தி ஒருமுறை காதுகொடுத்தார். பிறகு தன் கதவுக்குத் திரும்பிவிட்டார்.

வியாழன் காலை கதவைக் காரில் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். கடைசித் தேய்ப்பும் முடிந்திருந்தது. திலக்ஷன் தடவிப் பார்த்து, "கைக்கு மழுங்கலா இருக்கே மச்சான்" என்றான்.

"கைய நம்பாத. நிரையப் பாரு."

"நிரை எங்க இருக்கு? பனிதான் இருக்கு."

பத்து மணிபோலப் பனி சற்றே விலகியது. அண்ணன் பாய்ந்துபோய் வாளியைத் தூக்கிக் கதவில் ஊற்றினார். ஈரத்தில் மலை வந்தது. கீழே கறுப்பாக அடர்ந்த நிரைகள். நடுவில் சட்டென்று ஒரு வெட்டு. அதற்கு மேலே எல்லாம் வெளிர். முன்னிருந்து பின்னோக்கி மெல்ல ஏறிப்போன அந்த வெட்டு, பிளேடால் கீறியதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"பாத்தியா!" அண்ணன் கத்தினார். "பாத்தியாடா கோட்ட!"

திலக்ஷனும் குனிந்து பார்த்தான். "அம்மாடி" என்றான். "நீங்க ஆளு மச்சான்!"

தண்ணீர் வழிந்து காய்ந்தது. பனி மூடிக்கொண்டது. அன்று பகலே நீல நிறம் ஏறியது. அன்று மாலை நான் போனபோது அண்ணன் கொட்டகைத் தூணில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "தம்பி, கூரா இருக்கிறதுகூட ஒரு மாதிரி அழகுதான்" என்றார். திலக்ஷன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவார் என்று நான் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. டீச்சர் வந்த நேரம் பனி முழுவதுமாகக் கலைந்து, வெயில் அடித்தது. நீலக் கதவில் மலை பளிச்சென்று நின்றது, கோட்டோடு. டீச்சர் கைகளைச் சேர்த்துக்கொண்டு சிரித்தார். திலக்ஷன் ஏறி உட்கார்ந்து காரைப் பின்னால் எடுத்து, வீதிப்பக்கம் திருப்பினான்.

கோடு நகர்ந்தது.

கார் திரும்பத் திரும்ப அது கதவை விட்டுச் சரிந்து, பின்சக்கரத்தின்மேல் ஏறி, பின்விளக்கருகே போய் மறைந்தது. கதவு மொழுமொழுவென்று, செய்து வைத்த பணிஸ்போல நின்றது.

அண்ணன் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மலையின் மேல்பாதி மொட்டையாக நின்றது. தேயிலைச் செடிகள் மறுபடி தளிர்க்கவென்று கிளைகளைக் கழித்து, கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். கீழே பச்சை, மேலே குச்சி குச்சியாக வெளிறிய செடிகள், இரண்டுக்கும் நடுவே சரிவாக ஏறிப்போகும் எல்லை. பனிக்குள் மூன்று நாளாகக் கேட்டது ஆண்களின் கவ்வாத்துக் கத்திச் சத்தம். மேல் லயத்தில் பிறந்த மனிதருக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவருக்கு அந்த மூன்று நாளும் கதவைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இருந்திருக்காது.

"என்ர கோடு எங்க தம்பி?" என்றார் டீச்சர்.

"அங்க இருக்குங்க" என்று மலையைக் காட்டினார் அண்ணன். "அத நான் கதவுல இருக்குன்னு நெனச்சிட்டேன்."

டீச்சர் மலையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. "அப்ப மலையையும் சேத்தோ நான் ஓடித் திரியிறது?" என்றார் கடைசியில். "திங்கக்கிழமை வாறன்." குடையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

அண்ணன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "நீ நுவரெலியாவுக்குப் போ திலக்ஷன். ஊருக்குள்ள பேசுறது சரிதான். என் கைக்கு அது வராது."

திலக்ஷன் தேய்தாளை எடுத்தான். தான் புதிதாக அடித்த நீலத்தைத் தானே தேய்த்து இறக்கத் தொடங்கினான். பிறகு பெயின்ட் அடிக்கும்போது ஓரம் மறைக்கும் ஒட்டுநாடாவை எடுத்து, முன்கதவின் நல்ல கோட்டிலிருந்து பின்கதவு வரை ஒரே இழுப்பில் ஒட்டினான். நாடாவின் மேல்பக்கம் புட்டி வைத்தான். இறுகிய பின் நாடாவை உரித்து, அந்த விளிம்புக்கு மேலே மாற்றி ஒட்டி, கீழ்ப்பக்கமும் புட்டி வைத்தான். அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"கீழ எறங்குற எடத்த மட்டும் நீங்க பாருங்க" என்றான் திலக்ஷன். "நான் தேச்சா அது தட்டையாப் போயிரும்."

"நாடாவ நம்பியா கோடு போடுற?"

"மலைய நம்புறதுக்கு இது பரவாயில்ல."

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தார், பார்வையைக் கதவிலிருந்து எடுக்காமல். அன்றும் சனிக்கிழமையும் இரண்டு பேரும் ஒரே கதவில் குனிந்திருந்தார்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை.

திங்கள் மாலை டீச்சர் கோட்டின்மேல் விரலை வைத்து, முன்னிருந்து பின்வரை நடந்தார். அண்ணன் காரை முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார். மொட்டை மலையும் பச்சை மலையும் கதவில் ஏறி இறங்கின; கோடு தன் இடத்தில் நின்றது. கார் தலவாக்கலைப் பக்கம் வளைந்து மறையும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடி இருக்கு?" என்றான் திலக்ஷன்.

"கதவு சரியாத்தான் வந்திருக்கு. கோடு ஒன்னோடது. அதுனால நீ போறதுன்னா போலாம். நான் கோவிக்க மாட்டேன்."

"கீழ இருக்கிற வயிறு யாரோடது?"

திலக்ஷன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கொட்டகையின் ஓரத்துக்குப் போனான். நுவரெலியாப் பட்டறை முதலாளியோடு சிங்களத்தில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. வர முடியாது மாத்தயா, என்றான். இங்கே வேலை இருக்கிறது என்றான். தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாயா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "நே மாத்தயா, தனியாக இல்லை" என்று இவன் சொன்னான், "இரண்டு பேர்."