றெனோல்டுக்குச் சொல்லாத பயணம்

என்ர தங்கச்சி அக்னெசின்ர மனுசன் வின்சன்ட் இருபத்திநாலு வருசம் மொன்றியல் டவுன்டவுனில ஒரு ரெஸ்ரோரண்டுக் குசினியில நிண்டவர். கோப்பை கழுவத் தொடங்கினவர், கடைசியில சூப்பும் சோஸும் அவற்ற கையில. பிரெஞ்சுச் சமையல் முழுக்கத் தெரியும், பிரான்சைத்தான் கண்ணால கண்டதில்லை. லீவு கிடைச்சால் வில்லரேயில என்ர வீட்டுக்கு வந்து, ரீவியை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா இருப்பார். குசினிச் சத்தம் அந்த மனுசனை அவ்வளவுக்குத் திண்டிருந்தது.

போன வருசம் சித்திரையில கணையத்தில புற்றுநோய் எண்டு சொன்னாங்கள். ஆறு மாசம், கூடினால் எட்டு. அவர் அழேல்லை. "மச்சான், பிரான்சில ஒருத்தரும் போகாத இடம் ஒண்டு பார்த்துத் தா. ஒரு கிழமை சத்தமில்லாமல் இருக்கவேணும்" எண்டார்.

ஒருத்தரும் போகாத இடமாம். இன்டர்நெட்டில தேடிப் பாருங்கோ, அமைதியான கிராமம் எண்டு எழுதியிருக்கிற இடத்திலதான் பஸ் வரிசையா நிக்கும். லூர்து மாதாவிட்டைப் போவம் எண்டாள் அக்னெஸ். "அங்க பாதிப்பேர் எங்கட சனம்" எண்டு அவர் விடேல்லை. மூண்டு கிழமை மண்டையை உடைச்சு, க்ரூஸ் எண்ட மாவட்டத்தில ஒரு குளக்கரை வீட்டைப் பிடிச்சன். சுத்திவர மாடுகள். கடைக்கு எட்டுக் கிலோமீற்றர்.

ஆனால் பாரிஸ் கிடக்கே. வின்சன்டின்ர ஒரே தம்பி றெனோல்ட் அங்கதான். எங்கட ஆக்கள் பிரான்சுக்குப் போறதெண்டால் தெரியும்தானே: எயார்போட்டிலயே மூண்டு கார் நிக்கும், பேந்து வீடு வீடாச் சாப்பாடு, ஒரு வீட்டை விட்டால் பத்து வருசக் கோவம். றெனோல்டுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. புற்றுநோய் வருத்தத்தையும் தம்பியிட்ட மறைச்சுத்தான் வைச்சிருந்தார்.

"திங்களிலயிருந்து சனி வரைக்கும் குளக்கரை. ஞாயிறு பாரிசுக்குப் போய், அவனை முன்னால இருத்தி நானே சொல்லுறன். ரெலிபோனில சொல்லுற கதையே இது? அதுவரைக்கும் நீ வாய் திறக்கப்படாது."

நானும் தலையாட்டினன், பெரிய விசுவாசி.

ஆவணியில ரெண்டுபேரும் போனவை. முதல் ரெண்டு நாள் அக்னெஸ் ரெலிபோனில சந்தோசமாக் கதைச்சாள். கதிரையைத் தண்ணிக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு இருக்கிறாராம், நோக்குளிசைகூடக் குறைவாம். எனக்குப் பெருமை. புதன்கிழமை எடுத்தாள், குரல் சரியில்லை. எழும்பேலாமல் கிடக்கிறாராம். டொக்டர் வந்து பார்த்திட்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்ல, இவர் மாட்டனெண்டு நிக்கிறாராம்.

"றெனோல்டுக்குச் சொல்லுவமே?"

"வேண்டாமாம் அண்ணை. ஞாயிறு போறம்தானே எண்டுறார்."

வியாழன் மத்தியானம் றெனோல்டே எனக்கு எடுத்தான். "ஜெனாட் அண்ணை, எங்கட அண்ணைக்கு மூண்டு நாளா ரெலிபோன் அடிக்கிறன். மச்சாளும் எடுக்கிறாவில்லை. சுகமாத்தானே இருக்கினம்?"

அவனிட்ட கார் இருக்கு. நாலு அஞ்சு மணித்தியால ஓட்டம். அண்டிரவே போய்ச் சேர்ந்திருப்பான். வாய் வரைக்கும் வந்தது, சத்தியமா வந்தது. ஆனால் நான் சொன்னது, "இங்க மொன்றியலிலதான், டொலார்ட் பக்கம் ஒரு கலியாண வீட்டில நிக்கினமடா. ஞாயிறு எடுப்பினம்."

அவன் சிரிச்சான். "பாவம், அண்ணையைக் கொண்டுபோய்ச் சனத்துக்குள்ள விட்டுட்டினம்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சான்.

வெள்ளி விடியப்புறம் வின்சன்ட் மோசம் போயிட்டார். அக்னெஸ் அந்த வீட்டில தனிய நிண்டு றெனோல்டுக்கு அடிச்சிருக்கிறாள். அவளின்ர நம்பரைக் கண்டவன், "மச்சாள், கலியாணம் முடிஞ்சுதோ?" எண்டு கேட்டானாம். நாங்கள் பிரான்சிலதான் நிக்கிறம் எண்டு இவள் ரெண்டுதரம் சொல்லவேண்டி வந்ததாம்.

அடக்கம் மொன்றியலில. றெனோல்டும் வந்தவன். என்னோட சண்டை பிடிப்பான் எண்டு பார்த்தன். பிடிச்சிருந்தால் நல்லம். எல்லாரும் போனபிறகு என்ர குசினியில தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு கேட்டான்: "அண்ணை, நான் உங்களுக்கு அடிச்ச நேரம் அவர் கதைக்கிற நிலையில இருந்தவரே?"

இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். ஒரு பொய் ஏற்கனவே சொன்னவன்தானே நான். எனக்குத் துணிவு வரேல்லை.

"ஓம். உன்னட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு அக்னெசுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தவராம்."

கோப்பையை வைச்சிட்டு ஜக்கெட்டைப் போட்டான். நான் கூப்பிடக் கூப்பிட நிக்கேல்லை.