பதிலுக்கு நிற்காத வாத்தியார்

எதைச் சொல்லி முடித்தாலும் என் வீட்டுக்காரர் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். கேட்ட கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாணமான புதிதில் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்லிக்கொடுத்தபோதும் அப்படித்தான். நான் விழித்ததை அவர் பார்க்கவில்லை. அவர் வெளியே போனதும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மாற்றினேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். என் மண்டைக்குத்தான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். எங்கும் நிற்காமல் எல்லோருக்கும் முன்பாகப் பாடத்தை முடித்துவிடுவார். அவர் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அதில் அவருக்குப் பெருமை, எனக்கும்தான்.

போன வருடம் எங்கள் மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். அதே பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர். முதல் வேலை. காலையில் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்திப் பழகுவாள். துணி காயப்போடும்போது எனக்குக் கேட்கும். அவள் வகுப்பு இவருடைய வகுப்புக்கு அடுத்த அறை. சாப்பிட உட்கார்ந்தால் இவருக்கு அதே பேச்சு.

"அது கிளாஸா, சந்தையா? போர்டுல தப்பாப் போட்டுட்டு, தப்பு எங்க இருக்குன்னு பசங்ககிட்டயே கேக்குது."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று தலைமையாசிரியர் இவரைத்தான் கேட்டார். அனுபவசாலி இல்லையா? பக்குவம் போதாது, பாடமும் முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்ததாக டீ குடித்தபடி என்னிடம் சொன்னார்.

அதே வாரம் ஒரு மாலை திடீரென்று மழை. துணி எடுக்க அவர் மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நான். டீச்சரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் மகள். துணி எடுக்கிறேன் என்று அவள் அடிக்கடி மேலே போவாள். கதை பேசத்தான் என்று நினைத்திருந்தேன். அவள் தன் அப்பாவின் வகுப்பிலேயே படிப்பவள்.

டீச்சர் ஒரு தாளை மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"முழுத் தாள்ல நாலு கால் பாகம் இருக்கு. பாதித் தாள்ல?"

"ரெண்டு. ஓ, அதுக்குத்தான் வகுக்கும்போது பின்னத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பெருக்குறோமா?"

"ஆமா. ஏம்மா, இதை உங்க அப்பாகிட்டயே கேக்கலாமே. பாடத்தை எப்படி நேரத்துக்கு முடிக்கிறதுன்னு நானே அவரைப் பார்த்துதான் கத்துக்கிட்டிருக்கேன்."

"கேக்கலாம்னு வாயத் தொறப்பேன் டீச்சர், அதுக்குள்ள போர்டு பக்கம் திரும்பிடுவாரு. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அப்படித்தான். புரிஞ்சுதுன்னு கோரஸாச் சொல்லிருவோம்."

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மழையிலேயே நின்றார். பிறகு சத்தம் காட்டாமல் இறங்கினார். சாப்பிட வரவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் கேட்டார்.

"உனக்கும் அப்படித்தானா?"

"சிலிண்டரை இன்னும் அந்த அக்காதான் மாத்துறாங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள், டீச்சரைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனார். நீங்கள் சொன்னதை நிர்வாகத்திடம் சொல்லியாயிற்று, வேறு ஆளும் பார்த்தாயிற்று என்றாராம் தலைமையாசிரியர். அறையைக் காலி செய்த அன்று சாவி கொடுக்க வந்த டீச்சர், "உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேன் சார்" என்றாள். இவர் "ம்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இப்போதும் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறாராம். திரும்பாமல் பிள்ளைகளைப் பார்த்தே நிற்கிறாராம். அவர்கள் பழக்கதோஷத்தில் இன்னும் கோரஸாகத்தான் சொல்கிறார்கள். மகள் தன் சந்தேகங்களை டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். அந்த நேரத்தில் இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். டீச்சருக்கு இன்னும் வேறு வேலை அமையவில்லை. வேலை எதனால் போனதென்று நாங்கள் இருவரும் அவளிடம் இதுவரை சொல்லவில்லை.