எந்திரத்தின் கையாக இருந்த மாதம்

ஒன்பது வயதில் நான் ஒரு மாத காலம் மண் வெட்டும் எந்திரத்தின் கையாக வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பதவி கிடைத்ததில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இலுப்பூருக்கு மேற்கே முள்ளும் சரளையுமாகக் கிடந்த ஒரு பொட்டலில் ஆகாய விமானம் இறங்குவதற்கு மைதானம் போட்டார்கள். எங்கள் பக்கம் இரண்டு வருஷமாக மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வயல் வேலைக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்பா, ஆத்தா, ஆத்தாவின் தம்பியான என் மாமா, இன்னும் தெருவில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் என்று நாற்பது பேர் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு அங்கே போய் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டோம். மைதானத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் வடிவதற்கு இடுப்பளவு ஆழத்தில் வாய்க்கால் வெட்டுவதுதான் வேலை. மழையே இல்லாத ஊரில் மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கஞ்சி போய்விடும். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் கூடையில் அள்ளிச் சுமந்து கரையில் கொட்டினார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரையும் மேற்பார்வை பார்த்தேன்.

மண் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளம் எடுக்கும்போது பத்தடிக்கு ஓரிடத்தில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அதற்குச் சாட்சி என்று பேர். தரை முன்பு எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்த மேடுதான் சொல்லும். ஓவர்சியர் வந்து அதன் தலையிலிருந்து ஆழத்தை அளந்துகொண்டு போன பிறகே அதை வெட்டி எடுக்கலாம். சிலர் மேலே இரண்டு கூடை மண்ணைப் போட்டு உயர்த்திவிடுவார்கள் என்பதால், சாட்சியின் தலையில் பழைய புல் வேரோடு இருக்க வேண்டும். பள்ளத்துக்கு நடுவில் தலையில் புல்லோடு அவை நிற்பதைப் பார்த்தால், பாதி மொட்டையில் நாவிதரிடமிருந்து தப்பி ஓடிவந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதில் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்ததற்கு அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

வாய்க்கால் கால்வாசி முடிந்திருந்தபோது எந்திரம் வந்து சேர்ந்தது. இரும்புப் பட்டைகள் மேல் உருண்டு, கரும்புகை விட்டுக்கொண்டு, தரை அதிர வந்தது. முன்னால் ஒரு நீளமான கை. கையின் நுனியில் பல் வைத்த இரும்புத் தொட்டி. கையை நீட்டித் தொட்டியைத் தரையில் ஊன்றித் தன் பக்கமாக இழுக்கும். நிறைந்ததும் தூக்கும், பக்கவாட்டில் திரும்பிக் கரையில் கவிழ்க்கும். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடி நீட்டும். எங்கள் ஆட்கள் காலைக் கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள், முந்தின நாள் அவர்கள் வெட்டிய அளவுக்கு அது வெட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்தபடி பெரியவர்கள் ஏன் வாயடைத்து நின்றார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

எந்திரத்தோடு ஒரு பஞ்சாபிக்காரர் வந்திருந்தார். அவர்தான் ஓட்டினார். தண்ணீர் ஊற்றவும் எண்ணெய் துடைக்கவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாமாவைக் கொடுத்தார்கள். மாமாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் நான் கண்டதில்லை. எங்கள் ஆட்களிலேயே நேராக வெட்டுகிறவர் அவர்தான். கயிறு பிடிக்காமல் கண்ணாலேயே கோடு பிடிப்பார். ஆனால் பஞ்சாபிக்காரர் மகா கறார். எந்திரத்தின் உள்ளே இருந்த நெம்புகோல் எதையாவது மாமா தொட்டுவிட்டால் துணியால் கையில் அடிப்பார். கற்றுக்கொடுப்பதெல்லாம் அவர் குணத்திலேயே கிடையாது. மாமா கண்ணால்தான் கற்றார். எந்தக் கை எதை இழுக்கிறது, எந்தக் கால் எதை மிதிக்கிறது, தொட்டி எப்போது ஏறுகிறது என்று பகலெல்லாம் பார்த்துக்கொண்டே எண்ணெய் துடைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் குடிசைக்குப் பின்னால் எங்கள் எந்திரம் ஓடும். மாமா ஒரு செம்புராங்கல்லின் மேல் உட்காருவார். முன்னால் மூன்று மண்வெட்டிக் காம்புகளை மண்ணில் நட்டிருப்பார். காலுக்கு இரண்டு ஓட்டாஞ்சில்லு. எதிரே நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, விரல்களை மடக்கிக்கொண்டு நிற்பேன். இடதுகைக் காம்பை இழுத்தால் நான் குனிந்து மண்ணை என் பக்கம்... இல்லை, அவர் பக்கம் இழுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் இதில்தான் தகராறு. வலதுகைக் காம்புக்கு நிமிர வேண்டும். நடுக்காம்புக்கு இடுப்போடு திரும்பி மண்ணைக் கொட்ட வேண்டும். காலை மிதித்தால் எப்படி இருக்கிறேனோ அப்படியே நிற்க வேண்டும், மூக்கு அரித்தாலும் சரி. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நான் கொட்டுகிற மண்ணைத் தின்றுகொண்டிருப்பான். மாமா ஒருமுறை தவறினால் மறுமுறை தவறமாட்டார். பத்து நாளில் நான் கண்ணை மூடிக்கொண்டே, காம்பு உரசும் சத்தத்தை வைத்துக் குனியவும் நிமிரவும் ஆரம்பித்துவிட்டேன். இப்படி ஒரு சின்ன வாய்க்காலே வெட்டிவிட்டோம். ஆத்தா அதில் பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டு, முருங்கைக் குச்சி ஒன்றை ஊன்றினாள்.

ஒரு மாதம் ஆனபோது பஞ்சாபிக்காரருக்குக் குளிர்ஜுரம் கண்டது. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்திரம் நின்றது. வேலையை நடத்திய வெள்ளைக்கார துரைக்குப் பொறுமை கிடையாது. இங்கே யாருக்காவது இது ஓட்டத் தெரியுமா என்று கத்தினார். எங்கள் ஓவர்சியர் மெலிந்த மனிதர், வெயிலோ நிழலோ குடையை மடக்காதவர். அவர் மாமாவைக் காட்டினார். துரை மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வியாழக்கிழமை நூறடி வாய்க்கால் வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டினால் மாமாதான் டிரைவர். வெட்டாவிட்டால் பத்து நாளில் பெங்களூரிலிருந்து வேறு ஆள் வருவான். எந்திரம் எவ்வளவு வெட்டும் என்று ஒரு மாதமாகப் பார்த்தாகிவிட்டது, எப்படியானாலும் அது மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு மண்வெட்டி ஆட்கள் தேவையில்லை. மாமா ஜெயித்தால் சனிக்கிழமையோடு நாற்பது பேரும் ஊருக்குப் போகலாம்.

அன்று சாயங்காலம் குடிசையில் கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது. ஊரில் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாமா டிரைவர் ஆகப் போகிறார் என்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் ஆத்தாதான் சொன்னாள்.

“நீ ஓட்டுனாலும் நாங்க மூட்டையக் கட்டணும். ஓட்டாட்டி இன்னும் பத்து நா கழிச்சுக் கட்டணும். அம்புட்டுத்தானே? நீயாச்சும் பொழச்சுப் போ தம்பி. எங்களப் பாக்காத.”

மாமா எழுந்து போய், எங்கள் ஆட்கள் அன்று வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் ரொம்ப நேரம் குந்தியிருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. பொழுது சாய்ந்ததும் எங்கள் எந்திரம் ஓடியது. ஆனால் மாமா புதிதாக ஒன்று செய்தார். நான் குனிந்து இழுத்துக்கொண்டு வரும்போது பாதியில் நிமிரச் சொன்னார். ஒரு முழம் தாண்டி மறுபடி குனிய வேண்டும். நடுவில் விட்ட மண் உதிரக் கூடாது.

“எதுக்கு மாமா தாண்டணும்? அப்பறம் வாய்க்கா நடுவுல வரப்பு மாதிரில்ல நிக்குது?”

“சொன்னதச் செய்யி. எந்திரம் கேள்வி கேக்காது.”

கேட்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் தாண்டினேன். முழங்கால் விட்டுப்போனது. கடைசியாக விட்ட வரப்பு கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் தலையையும் தடவினார்.

வியாழக்கிழமை காலை. நாற்பது பேரும் மண்வெட்டியையும் கூடையையும் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாமா ஏறி உட்கார்ந்தார். எந்திரம் உறுமியது. என் கைகள் தாமாகவே நீண்டன. நான் தூரத்தில் நின்று, தம்பி இடுப்பிலிருந்து சரியச் சரிய, அவரோடு சேர்ந்து குனிந்தேன், நிமிர்ந்தேன். என்ன அழகு! பஞ்சாபிக்காரர் ஓட்டும்போது அந்தக் கை வெடுக் வெடுக்கென்று இழுக்கும். மாமா ஓட்டும்போது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பக்குவத்தில் போய் வந்தது. இரண்டு பக்கச் சுவரும் நூல் பிடித்த மாதிரி இறங்கின. துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

பத்தாவது அடியில் தொட்டி பாதியில் நிமிர்ந்தது. ஒரு முழம் தாண்டி மறுபடி இறங்கியது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மண் வரப்பு, தலையில் புல்லும் பூத்த தும்பைச் செடி ஒன்றுமாக, அசையாமல் நின்றது. இருபதாவது அடியில் இன்னொன்று. முப்பதாவது அடியில் மூன்றாவது. அப்போதுதான் ஆட்களுக்குப் புரிந்தது, கொல்லென்று சிரித்தார்கள். “அட, எந்திரத்துல ஏறியும் சாட்சி விடுறான்டா!” என்றார் ஒரு கிழவர். நூறடி முடிந்து எந்திரம் நின்றபோது துரையின் முகம் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. கைத்தடியால் வரப்புகளைச் சுட்டிக் கத்தினார். எந்திரம் பின்னால் நகர்ந்து வந்தாகிவிட்டது, தோண்டிய பள்ளத்தின் மேல் மறுபடி போக முடியாது. இனி அந்த வரப்புகளை ஆட்கள் இறங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும்.

மாமா இறங்கி வந்து தலையைக் குனிந்து நின்றார். “பழக்க தோஷமுங்க. கை தானா விட்டுருச்சுங்க” என்றார்.

ஓவர்சியர் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைப் பிரித்துத் துரையிடம் எதையோ காட்டினார். பஞ்சாபிக்காரர் ஓட்டிய மாதம் முழுக்க அதை யாரும் பிரித்ததில்லை. சாட்சி இல்லாத பள்ளத்துக்கு அளவு எழுதக் கூடாது, அது எந்திரம் வெட்டினாலும் சரி, மனுஷன் வெட்டினாலும் சரி என்று துரையின் சர்க்காரே அச்சடித்திருந்ததாம். துரை படித்தார். முனகினார். மறுபடி மாமாவைப் பார்த்து, இவன் புத்திசாலியா மடையனா என்று தீர்மானிக்க முடியாதவராக நின்றார்.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. என் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! கை தானாக விட்டதாம்! அந்தக் கை நான் அல்லவா? எனக்குத் தெரியாதா? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியை இடுக்கிக்கொண்டு ஓடிப்போய்த் துரைக்கும் ஓவர்சியருக்கும் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“எங்க மாமா கை ஒண்ணும் தானா விடல! வேணும்னுதான் விட்டாக! நேத்துச் சாயங்காலம் பூரா என்னைய வச்சுப் பழகுனாக!”

சிரிப்பு நின்றது. அப்பா அசையவில்லை. ஆத்தா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பெண் என்ன சொல்கிறது என்று ஓவர்சியரைக் கேட்டார்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாக நின்ற நாற்பது பேரையும் பார்த்தார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, குடையை மடக்கினார். மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, பெரிதாகச் சிரித்தார். தம்பியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். துரை தன் கையாலேயே என்னைத் தூக்கி எந்திரத்தில் ஏற்றினார். மாமாவையும் ஏறச் சொன்னார். நியாயத்தை எடுத்துச் சொன்னால் வெள்ளைக்காரன் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா டிரைவர் ஆனார். மண்ணை உதிரவிடாமல் அப்படி ஒரு முழம் நிறுத்தத் தெரிந்தவனை விடக் கூடாது என்று துரையே சொன்னாராம். வாய்க்கால் முடிகிற வரைக்கும் பத்தடிக்கு ஒரு சாட்சி விட வேண்டும், அளந்த பிறகு அதை வெட்டிச் சுவரைச் செதுக்க ஆட்கள் இருக்க வேண்டும் என்று உத்தரவானது. சனிக்கிழமை வந்தது, போனது. ஒரு மூட்டையும் கட்டப்படவில்லை. நாங்கள் தைப் பொங்கலை அந்தப் பொட்டலிலேயே வைத்தோம்.

ஓவர்சியர் அன்று சொன்ன இங்கிலீஷ் என்ன என்பது என் கல்யாணத்தின்போதுதான் தெரிந்தது. பந்தியில் எல்லார் முன்னாலும் மாமா அதைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ‘இந்தப் பெண்ணுக்கு எந்திரத்தில் ஏறிப் பார்க்க வேண்டுமாம், அதற்குத்தான் அழுகிறது’ என்று சொல்லியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். நான் கத்திய மறுநாள் அவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ண ரெண்டு நாளைக்கி இங்கிட்டு விடாதப்பா” என்று மட்டும் சொன்னாராம். அதுவரைக்கும் பதினோரு வருஷமாக, அந்த நாற்பது பேருக்கும் சோறு போட்டது என் வாய்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதெல்லாம் பிறகு. அன்று எந்திரத்தின் மேலே அந்த ஒற்றை இருக்கையில் மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். உயரத்திலிருந்து பார்த்தபோது நூறடி வாய்க்காலும், அதில் தலையில் புல்லோடு நின்ற வரப்புகளும் தெரிந்தன. அப்பாலே ஆத்தா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்திரம் இன்னும் ஓடவில்லை. ஆனாலும் நெம்புகோலைப் பிடித்திருந்த மாமாவின் கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. துரைக்குப் பயப்படுகிறார் போலிருக்கிறது, பாவம் என்று எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. அவர் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

“பயப்படாத மாமா. அதான் நா எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல” என்றேன்.