மஞ்சள் தண்ணீர் விட்ட கார்

எண்பதுகளில் ஒருநாள், நாமகிரிப்பேட்டையில் பழைய கார் ஒன்றை வாங்கப் போய் ஏமாற இருந்தேன்.

விற்றவர் மஞ்சள் மண்டிக்காரர். "சொட்டுத் தண்ணி ஒழுகாதுங்க" என்று சத்தியம் செய்தார்.

முன்பணத்துக்குப் பைக்குள் கை விட்டபோது, வாட்டர் பம்புக்கு அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குழம்பு வாசம்! ஒழுகலை அடைக்க மஞ்சள்தூளைக் கொட்டியிருக்கிறார். பம்ப் அதற்கு மசியவில்லை.

"ஏனுங்க, காரு எப்பங்க வயசுக்கு வந்துச்சு? மஞ்சத்தண்ணி ஊத்துனதை எங்களுக்குச் சொல்லவே இல்லைங்களே!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி உடுங்க. தாய்மாமன் சீரா புது பம்பு நீங்க கொண்டாந்துருங்க."

"சீரு நான் கொண்டாந்தா பொண்ணும் எனக்குத்தானுங்க!"

பேசி முடித்தோம்: பம்ப் என் செலவு, கார் சொன்ன விலையில் பாதி. முறைமாமனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி, நீங்களே சொல்லுங்கள்?