கண்ணாடியில் தெரியும்படி நில்

வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. விடிந்ததும் வருகிற போனுக்கு எனக்கு எப்போதும் பயம். மறுமுனையில் ஜெனி. முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில், கடைசியாகத்தான் தமிழில்: "அன்ரி, அம்மா எழும்பேல்லை." ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஜெனியின் அம்மா எல்லாருக்கும் பிலோமினா. எனக்கு மினா அக்கா. செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று அவரின் கணவர் யோசப் அண்ணை கேட்டார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் ஓம் என்றேன். இன்னொன்றும் கேட்டார். "ஆடியில ஒருக்கா அந்தப் பார்க்குக்குப் போவம். நீயும் வருவியோ பிள்ளை?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மொன்றியலின் லாசாலில் துணி தோய்க்கும் தொழிற்சாலையில் நானும் மினா அக்காவும் ஒரே மேசை. படுக்கை விரிப்பின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி என் கையில். இருவரும் கிட்ட வந்து, விலகி, கிட்ட வந்து மடிப்போம். அந்த மேசையில்தான் ஒரு நாள் சொன்னார்: "தவம், நான் ஒரு வீட்டு வண்டி வாங்கப் போறன்." பிள்ளைகள் ஆர்.வி. என்று சொல்கிற, கட்டிலும் குசினியும் கக்கூசும் உள்ள பெரிய வண்டி. ஊரில் சமாதானம் என்று எல்லாரும் பிளேன் ரிக்கற் எடுத்துக்கொண்டிருந்த கோடை அது.

காரணம் யோசப் அண்ணை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போன பிறகு அவர் யன்னலடியே கதி என்று இருந்தார். "இந்த மனுசனுக்கு வேற யன்னல் காட்டவேணும்" என்றார் மினா அக்கா. யோசப் அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. "காட்டுக்கை போய்ப் படுக்கக் காசு குடுக்கிறதோ? நாங்கள் காட்டில சும்மா படுத்த ஆக்களெல்லோ!" மினா அக்கா சிரித்துக்கொண்டே வண்டியின் திறப்பை அவர் மடியில் போட்டார். பியர்பொன்ட்ஸில் அவர்கள் வீட்டு வாசலில் அந்த வண்டி வந்து நின்றபோது பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போய்விட்டது.

கணவரும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் தனித்திருந்த என்னையும் அழைத்துப் போவார்கள். எனக்கு ஒரு வேலை தந்தார்கள். காம்பிங் இடத்தில் மினா அக்கா வண்டியைப் பின்னுக்கு எடுத்து மரங்களுக்கு நடுவில் விடவேண்டும். பின்னால் ஓர் ஆள் நின்று கை காட்டவேண்டும். அந்த ஆள் நான்.

இடம்பெயர்ந்து போன நாளில், சனத்துக்குள் ஒரு லொறி பின்னுக்கு வந்ததை நான் கண்ணால் கண்டவள். ஓட்டினவனுக்குப் பின்னால் நின்றவர்கள் தெரியவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது. அன்றிலிருந்து பின்னுக்கு வருகிற எந்த வாகனத்தின் சத்தமும் எனக்கு ஆகாது.

முதல் முறை கை காட்டப் போனபோது ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். வண்டி டக்கென்று நின்றது. மினா அக்கா இறங்கி வந்தார். கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "இதில நில். இதில நிண்டா நீ எனக்குக் கண்ணாடியில தெரிவாய். காணாட்டி நான் அசையமாட்டன். விளங்குதோ?"

"எனக்குப் பயமாக் கிடக்கக்கா."

"பயந்தாப் பயந்துகொண்டு நில். ஒளியாதை."

அவருக்குப் பயமில்லை என்று நினைத்தவர்களுக்காக இதையும் சொல்கிறேன். மொன்றியல் தீவு. எங்கே போவதென்றாலும் பாலம் ஏறவேண்டும். பாலம் வரமுதல் "ஒருத்தரும் கதைக்கப்படாது" என்பார். அருள்நிறைந்த மரியே ஜெபம் தொடங்கும். நான் சைவக்காரி, எனக்கும் அது பாடமாகிவிட்டது. மறுகரையில் வண்டியை ஓரம்கட்டும்போது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "அப்ப ஏன் அக்கா போறியள்?" என்று ஒரு முறை கேட்டேன். "அங்கால போக வேற வழி இருக்கோ?" என்றார்.

சின்னச் சின்ன ஊர்களில் நிற்போம். ஒரு தெரு, ஒரு மாதா கோயில், உருளைக்கிழங்கு பொரித்து விற்கிற ஒரு கடை. எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வண்டிக்குள் ஓடவேணும் போல இருக்கும். மினா அக்கா எதிரில் வருகிற கிழவர், குழந்தை, நாய் எல்லாருக்கும் முந்திக்கொண்டு பொன்ஜூர் சொல்வார். "அவை எங்களைப் பாத்துப் பயப்பிட முன்னம் நாங்கள் சொல்லிப்போடவேணும்."

யோசப் அண்ணை சொல்கிற 'அந்தப் பார்க்' வடக்கே மலைப்பக்கம் இருக்கிறது. அங்கே நின்ற நாட்களில் என் கணவரின் திவசம் வந்தது. நான் வண்டிக்குள்ளேயே சோறும் மூன்று கறியும் சமைத்து, காகத்துக்கென்று ஒரு தட்டில் போட்டு வெளியில் மரக்குற்றியில் வைத்தேன். வெளியில் சாப்பாடு வைக்கக்கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததாம். எனக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. கா கா என்று கூப்பிட்டேன். காகம் வரவில்லை. பற்றைக்குள் இருந்து கறுப்பாக ஒன்று வந்தது. கரடி.

நான் நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். மினா அக்கா வண்டிக்குள் இருந்து ஹோர்னை அமத்திப் பிடித்தார். கரடி பரபரப்பில்லாமல் கத்தரிக்காய்க் கறி வரை நக்கிவிட்டுத்தான் போனது. சத்தம் கேட்டுக் காவலர் ஜீப்பில் வந்தார். காக்கி உடுப்பு, இடுப்புப் பட்டி, சப்பாத்து. கரடிக்கு அசையாத கால் அப்போது ஓடியது. பாஸ்போட் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டிக் கக்கூசுக்குள் போய்க் கொண்டி போட்டேன்.

வெளியே மினா அக்கா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தார். "மொஸ்யூ, இவளின்ரை புருசன் செத்துப்போனார், அவருக்குத்தான் சாப்பாடு." காவலர் திடுக்கிட்டு, செத்தவர் வண்டிக்குள்ளேயா இருக்கிறார் என்று கேட்டார்! யோசப் அண்ணை சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. "இல்லை மொஸ்யூ, உள்ளுக்கை இருக்கிறது பெண்சாதி. அவ உயிரோடைதான்" என்றார் மினா அக்கா.

மினா அக்கா கதவில் தட்டினார். "தவம், வெளியில வா. அந்தாள் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிக்குது." வந்தேன். பையை விடாமல் நின்றேன். காவலர், கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. இனி வெளியில் சாப்பாடு வைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனார். காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் என் கணவரின் பெயரை எழுதிக்கொள்ளாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

மினா அக்காவிடம் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. இதை வாசிக்கிற நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். போன இலையுதிர் காலத்தில் பாலம் தாண்டி ஓரம்கட்டிய பிறகு வெகுநேரம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தார். என்ன அக்கா என்றேன். வாய்வு என்றார். இருதயத்தில் கோளாறு என்று டொக்டர் சொன்னது அவருக்கு அப்போதே தெரியும் என்று இப்போதுதான் ஜெனி சொல்கிறாள். என்னை ஒளியாதை என்றீர்கள். நீங்கள் ஏன் அக்கா ஒளித்தீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை, இந்த முப்பத்தொன்றுக்கு வருகிற ஆட்களின் கார்களுக்கு இடம் வேண்டும் என்று, வண்டியை வீட்டுக்குப் பின்பக்கம் எடுக்கப் பார்த்தோம். ஜெனி ஓட்டும் இடத்தில் ஏறினாள். யோசப் அண்ணை பக்கத்தில். நான் வழக்கம்போல் பின்னால். பின்னுக்கு எடுக்கிற அந்த பீப் பீப் சத்தம் தொடங்கியது. கண்ணாடியைப் பார்த்தேன். அதில் மினா அக்காவின் முகம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நான் தெரிகிறேனோ இல்லையோ. லொறி ஞாபகம் வந்தது. எப்போது ஒதுங்கினேன் என்று தெரியாது, சுவர் மூலைக்குப் பின்னால் நின்றேன்.

வண்டி நின்றுவிட்டது.

யன்னலால் ஜெனியின் தலை வந்தது. தமிழில் மூன்று சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை. "அன்ரி, உங்களைக் கண்ணாடியில காணேல்லை. காணாட்டி நான் அசையமாட்டன்."

வண்டிக்குள் யோசப் அண்ணை சத்தமாக அழுதார். நான் மூலையை விட்டு வெளியே வந்தேன். மினா அக்கா தோளைப் பிடித்து நிறுத்திய அதே தூரத்தில், அதே பக்கத்தில் போய் நின்றேன். கையை உயர்த்தினேன். வா பிள்ளை, வா, இன்னும் வா.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இடம் ஒன்றுதான். வண்டியின் பின்னால், இடது கைப்பக்கம், ஓட்டுகிறவரின் கண்ணுக்குத் தெரிகிற இடம். அந்தப் பார்க்குக்குப் போகவும் பாலம் ஏறவேண்டும். யோசப் அண்ணை, நீங்கள் கேட்டதற்கு இதிலேயே பதில் எழுதுகிறேன். ஆடியில் நானும் வாறன். பயந்துகொண்டுதான் வாறன்.

தவமணி